பதினேழு பிடரிகள்

முடிதிருத்தும் கடைக்காரர் எந்தத் தலையிலும் ஈரம் படாமல் கத்தரி வைக்கமாட்டார். முதலில் தண்ணீர் தெளிப்பார், உச்சியிலிருந்து பிடரிவரை சீப்பால் படிய வாருவார், அதன்பிறகுதான் வெட்டு. இருபத்தாறு வருடமாக இந்த வரிசை மாறியதில்லை. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. அவருடைய தம்பிக்கும் மாறாத பழக்கம் ஒன்று இருந்தது: எதைப் படித்தாலும் அன்றைக்கே நம்பிவிடுவான்.

தம்பிக்கு நகலெடுக்கும் கடையில் வேலை. யாரோ நகலெடுக்கக் கொடுத்த தாள்களைப் படித்துவிட்டு, குரங்குகள் மரத்தில் இருந்தபோது மனிதன் மட்டும் தண்ணீரில் வளர்ந்தான் என்று பிடித்துக்கொண்டான். உடம்பில் முடி உதிர்ந்தது அதனால்தானாம். தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்தது மிதப்பதற்காம். மிச்சமிருக்கும் முடிகூட நீரோட்டத்தின் போக்கிலேயே படிந்திருக்கிறதாம். இதை நிரூபிக்க மூன்று வாரம் வேலை முடிந்ததும் அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவர்கள் பிடரியைப் பார்த்து நோட்டில் அம்புக்குறி போட்டான். பதினேழு பிடரி. பதினேழு அம்பும் கீழ்நோக்கி.

குடித்துவிட்டு விழுந்து கிடக்காதவரை எந்தக் கிறுக்கும் பரவாயில்லை என்று அண்ணன் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை தம்பி மனைவி மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்குப் பாப்பாவைத் தண்ணி டிரம்முல விடப்போறாராம். பொறக்கும்போதே நீச்சல் தெரியுமாம். வேண்டாம்னா, பதினேழு பேரு சாட்சிங்கறாரு."

அண்ணன் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார். "அந்த அறிவுக்கொழுந்தை வரச்சொல்லு."

தம்பி நோட்டோடு வந்தான். நாற்காலியில் தையல்காரர் ஒருவர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

"பாருடா."

தையல்காரரின் பிடரியில் இடதுபக்க முடி சுழித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

"இவர் ஒருத்தர் மட்டும் வேற மாதிரி இருக்கலாம்ணே."

"அப்போ நான் மட்டும் குரங்கா?" என்றார் தையல்காரர்.

அண்ணன் தண்ணீர் தெளித்தார். படிய வாரினார். சுழி போன இடம் தெரியவில்லை.

"இப்போ எங்கடா போகுது?"

"கீழே."

"இழுத்துட்டுப் போனது ஆறா, கடலா?" சீப்பைத் தம்பி மூக்குக்கு நேரே நீட்டினார். "நான் வாரி முடிச்சப்புறம் எட்டிப் பார்த்து எழுதியிருக்கே. மூணு வாரமும் என் சீப்பு போன வழியைத்தான்டா படம் போட்டிருக்கே. இதை நம்பி ஒரு பச்சப்புள்ளையை முக்கப் பார்த்தியே! உனக்கு நீச்சல் தெரியுமா?"

"பொறந்தப்போ தெரிஞ்சிருக்கும். மறந்திருப்பேன்."

தையல்காரர் சிரித்த சிரிப்பில் போர்வை நழுவியது. தம்பி வாய்க்குள் முணுமுணுத்தான்: "ஆனாலும் அந்தக் கொழுப்பு விஷயம்..."

"அது யாருக்கு அதிகம்னுதான் தெரியுதே" என்றாள் மனைவி.

அண்ணன் நோட்டை வாங்கி, பதினெட்டாவது வரியில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தம்பி பேனாவை வாங்கினான். பிறகு பதினேழு அம்பையும் ஒவ்வொன்றாகக் கோடுபோட்டு அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த டிரம்மில் கடைத் துண்டுகள் ஊறின. குழந்தை கட்டிலில் கால் உதைத்துக் கிடந்தது. தம்பி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பிழிந்தான். அண்ணன் அன்றைக்கு அவனிடம் பேசியது ஒரே பேச்சு:

"நல்லா முறுக்கு."