சாக்பீஸ் எண் அழிந்த பன்னிரண்டு மரங்கள்

சித்திரை வெயிலில் குற்றாலம் போகிறேன் என்றதும், "பாறையில துணி காயப்போடவா?" என்றார் எங்கள் விருதுநகர் டீக்கடைக்காரர். நான் போனது மரம் பார்க்க. சீசன் கூட்டத்தில் மரம் எங்கே கண்ணில் படும்?

தென்காசியிலிருந்து ஆறு கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பத்து ரூபாய். காலை பத்தரைக்கு அங்குள்ள பூங்காவுக்குள் நுழைந்தேன். புதுப் பெயிண்ட் அடித்த பன்னிரண்டு பெயர்ப்பலகைகளைத் தரையில் பரப்பி, கட்டுக்கம்பியும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் தோட்டவேலை செய்யும் பேச்சித்தாய். ஐம்பது வயது இருக்கும்.

"பெயிண்ட் அடிக்கக் கழத்துனேன் அண்ணாச்சி. அடையாளத்துக்கு மரத்துல சாக்பீஸால நம்பர் போட்டேன், பலகைக்குப் பின்னாலயும் எழுதுனேன். நேத்து கோடை மழை ஊத்திட்டு. பலகையில நம்பர் இருக்கு, மரத்துல இல்ல."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நான்கு மணிக்கு அதிகாரி வருகிறார். பேச்சித்தாயை வேலையில் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று இன்றைக்குத்தான் சொல்வார்.

நான் மரங்களைப் பற்றிப் படித்தவன் இல்லை. ஊர் ஊராகக் கேட்டுப் பழகியவன். இருவருமாக இறங்கினோம். வெளுத்த வழவழப்பான பட்டை, மருதம். காலடியில் பூ உதிர்த்திருந்தது மகிழம். இலுப்பையை வாசனையே காட்டிக்கொடுத்தது. மதியம் இரண்டுக்குள் பத்துப் பலகை ஏறிவிட்டது.

கையில் மிச்சம் வேங்கை, ஈட்டி என்ற இரண்டு பலகைகள். பலகை ஏறாமல் நின்ற இரண்டும் இளமரங்கள். ஓர் இலை கிடையாது.

"லேசாகக் கீறிப் பார்ப்போம். சிவப்பாகப் பால் வடிந்தால் வேங்கை" என்றேன்.

"நல்லாச் சொன்னிய. மரத்துல பேரு செதுக்குத பயலுவள நானே வெரட்டுதேன். நானே கீறவா?"

"அப்படியானால் குத்துமதிப்பாகக் கட்டுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?"

"கண்ணு தெரியாதவன் முன்னாலயும் கள்ளக்கணக்கு எழுதக்கூடாதும்பாவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வந்து நோட்டுல எழுதிட்டுப் போகுமுல்லா."

நாலேகாலுக்கு அதிகாரி வந்தார். பத்துப் பலகைகளையும் பார்த்துவிட்டு, இந்த இரண்டின் முன் நின்றார். பேச்சித்தாய் மழைக்கதையை ஒளிக்காமல் சொன்னார். கடைசி வார்த்தையில் குரல் இறங்கிப்போயிற்று.

அதிகாரியும் இரண்டு மரங்களையும் தடவிப் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை.

"ரெண்டு பலகையையும் பத்திரமா வைங்கம்மா. இலை விட்டதும் நீங்களே கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இலை விட இன்னும் ஒரு மாதமாவது ஆகும்; அப்போதும் வேலையில் இருந்தால்தானே இவர் கட்ட முடியும். அந்தக் கணக்கு பேச்சித்தாய்க்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பலகைகளை முந்தானையால் துடைத்து, ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் பழைய செய்தித்தாளை வைத்துக் கட்டினார்.