முட்டை சாப்பிடுகிறவர்களுக்காக ஒரு ஜெபம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் எனக்கு அப்புறம் மனசு ஆறாது. அப்பா, அம்மா, சித்தி, நான். ஆர்த்தடாக்ஸ் கோவிலிலிருந்து அச்சன், அதாவது அவர்களுடைய பாதிரியார், அவர் மனைவி, மகள். அவளுக்கும் என் வயதுதான்.

முடிச்சூரில் வெள்ளம் புகுந்து வீடுகள் மூழ்கியிருந்தன. மேற்குத் தாம்பரத்தில், எங்கள் பாப்டிஸ்ட் சபையின் ஷெட்டில், இரண்டு சபையும் சேர்ந்து சமைத்தோம். இடம் எங்களுடையது, அண்டா அவர்களுடையது. எலுமிச்சை சாதமும் ஆளுக்கொரு அவித்த முட்டையும். பொட்டலத்தில் முட்டை வைப்பது எனக்கும் அச்சன் மகளுக்கும் வேலை. பத்தாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டே, உடைந்ததையெல்லாம் நான் தின்றேன். அவள் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர்களுக்கு நோன்பாம். முட்டை, பால், இறைச்சி எதுவும் கிடையாதாம்.

அம்மா விடுவாளா?

“பாருடி, தொட்டுத் தொட்டு வைக்குது, நாக்குல ஒண்ணு படல. நீ எத்தன முழுங்கின?”

“உடைஞ்சதுதாம்மா.”

“உன் கை பட்டா மட்டும் எப்படிடி உடையுது?” என்றாள் சித்தி.

அச்சன் மகளுக்கென்று பால் விடாமல் தனியாக டீ போட்டுக் கொடுத்து, தலையையும் தடவினாள் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் சபையில் அப்படி ஒரு நோன்பு இல்லாததற்கு நான் என்ன செய்வேன்?

வண்டி கிளம்புமுன் அச்சன் புத்தகத்தைப் பார்த்து நீளமாக ஜெபித்தார். அடுத்து எங்கள் முறை. எங்களிடம் புத்தகம் கிடையாது. வாயில் வருவதுதான் ஜெபம்.

“பாப்பா, நீ பண்ணும்மா” என்றார் அப்பா.

வெள்ளம் வடியணும், பொட்டலம் பத்தணும் என்று வேண்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கர்த்தாவே, முட்டை சாப்பிடுறவங்களையும் நீர் நேசிக்கிறீர், ஸ்தோத்திரம்.”

அம்மா தொடையில் கிள்ளினாள். அச்சன்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார், தாடி குலுங்கியது.

டெம்போவில் அச்சன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்குத்தான் என்று ஒடுங்கிக்கொண்டேன்.

“அந்த ஜெபத்த யாரு எழுதித் தந்தா?”

“யாரும் இல்ல. நானேதான்.”

“உங்கப்பா எல்லார் முன்னாடியும் உன்னையே கேட்டாரு, இல்ல? எங்கப்பா புத்தகத்தத்தான் பாப்பாரு.”

முடிச்சூர் வரைக்கும் அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தபடியே வந்தாள். நோன்பு இருக்கிற திமிர் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து நானும் அவளை அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.