அண்ணன் பக்கம் மூன்றடி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த புண்ணியவான், அந்த வீட்டை டேப் வைத்து அளக்கப் போகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் நான்தான். போடிநாயக்கனூரில் வீடு கட்ட அனுமதி கேட்பவர்களின் மனைக்குப் போய், அளந்து, இங்கே இடம் விடு, அங்கே இடம் விடு என்று சொல்வது நகராட்சியில் என் வேலை. ஊரில் எனக்கு டேப்புக்காரம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அரசாங்க அலுவலக வாசலில் நின்று கால் கடுத்தவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் கொஞ்சம் காது கொடுங்கள். அலைச்சலில் நாம் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான்.

படுக்கையறை

குடியிருக்க வீடு என்று அனுமதி வாங்கிய ஏலக்காய் வியாபாரி ஒருவர் கட்டி முடித்துவிட்டார். சொன்னபடி கட்டியிருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். தெருமுனையிலேயே ஏலக்காய் மணம். போடியில் அது குற்றமில்லை, எங்கள் பஸ்சுக்குள்ளேயே அந்த மணந்தான். வரைபடத்தில் 'படுக்கையறை' என்று போட்டிருந்த அறையைத் திறக்கச் சொன்னேன். சாவியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினார். கடைசியில் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. திறந்தால் தரையிலிருந்து கூரை வரைக்கும் மூட்டை. கட்டிலை விடுங்கள், காலை வைக்க இடமில்லை.

வீடென்று சொல்லிக் குடோன் நடத்தினால் அதற்கு வேறு அனுமதி, வேறு விதி, லாரி வந்து நின்றால் தெருவே அடைத்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் பொரிந்தேன். படுக்கையறை என்று போட்டீரே, படுக்கை எங்கே என்றும் கேட்டேன். மனிதர் அசரவில்லை. ஒரு மூட்டையை வாஞ்சையாகத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "படுக்கையறைதான் மேடம். ஏலக்கா படுத்திருக்கு, பாருங்க."

யாருக்கு விடுவது?

மொக்கராசு ஜீப்பு ஓட்டுகிறவர். விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போய், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்குவார். அப்பா பிரித்துக்கொடுத்த பாகத்தில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, புது வீட்டுக்கு அனுமதி கேட்டிருந்தார். குடும்பத்தோடு மச்சினன் வீட்டு மச்சில் இருந்தார். மச்சினன் வீட்டில் எத்தனை நாளைக்கு இருக்க முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

மனையைப் பார்த்தேன். ஒல்லி மனை. பக்கத்தில் அவருடைய அண்ணன் பெருமாள் வீடு. அளந்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வது போலத்தான் சொன்னேன்: அண்ணன் பக்கம் மூன்றடி விடணும். அவ்வளவுதான். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் என்னை எப்போது வந்து பார்த்தான், என்ன சொல்லிச் சரிக்கட்டினான் என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மொக்கராசு மகள் காதுகுத்துப் பத்திரிகையில் அச்சாபீஸ்காரன் அண்ணன் பெயரை விட்டுவிட்டானாம். அன்றிலிருந்து பெருமாள் தம்பி வாசலை மிதிக்கவில்லை. நான் 'விடணும்' என்றது வெறும் இடைவெளி. அவர் காதில் விழுந்ததோ பாகப்பிரிவினை. டேப்பை என் கையிலிருந்து பிடுங்காத குறையாகக் கேட்டார்: "எங்க அண்ணனுக்கு விடுறதுக்கா எங்கப்பன் எனக்கு விட்டுட்டுப் போனாரு?"

எதிர் வண்டி

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். எனக்கும் கோபம் வரும், ஆனால் மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவரிடம் மலை ரோட்டை வைத்துத்தான் பேச வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். போடிமெட்டு ஏறும்போது எதிரே லோடு வண்டி இறங்கினால் ஒதுங்கி இடம் விடுகிறீர்களே, அந்த இடத்தை அவனுக்கு எழுதியா கொடுத்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். ரோடு ரோடாகத்தான் இருக்கிறது. அதேபோல மூன்றடியும் உங்கள் இடந்தான், சுவர் மட்டும் வரக்கூடாது, காற்றும் வெளிச்சமும் போகட்டும் என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எதிர் வண்டிக்காரன் கடந்து போயிருவான் மேடம். அண்ணன் அங்கனயேல்ல இருக்கான்."

சொளகு வைத்துப் பார்த்த வரைபடம்

அவர் மனைவி ஈஸ்வரிக்கு விளங்கியது வேறு. அவள் முன்பு மலைக்குப் போய்க் காய் எடுத்தவள். முட்டி தேய்ந்து ஏற முடியாமல் போனபிறகு, வியாபாரியிடம் மூட்டை வாங்கிவந்து, அக்கம்பக்கத்துப் பெண்களோடு வீட்டிலேயே உட்கார்ந்து பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, பிளந்தது தனி என்று பிரித்துக் கொடுக்கிறாள். படுக்கையறையில் ஏலக்காயைப் படுக்க வைத்தாரே, அந்த மகராசன்தான் மூட்டை தருகிறவர். முன்னறை ஒன்று அகலமாக இருந்தால்தான் அந்தப் பிழைப்பு. வீட்டுக்குள் கைத்தொழில் செய்துகொள்ள விதியில் தடையில்லை. மூன்றடிதான் தடை.

நான் மறுபடி போனபோது வெறும் மனையில் கோலப்பொடியால் முன்னறையைக் கோடு போட்டு, உள்ளே காய் பிரிக்கிற முறங்களை, எங்கள் பேச்சில் சொளகுகளை, பரப்பி வைத்திருந்தாள். ஒரு சொளகுக்கு ஒரு ஆள். மூன்றடியை நான் டேப்பால் கழித்துக் காட்டினேன். சொளகுகளில் பாதி வெளியே போய்விட்டது. வெளியே போன சொளகுகளுக்குரிய இரண்டு பெண்களும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய வீடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான் இருந்தது, அதனால் அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அந்தச் சுவரை ஒட்டியே கட்ட வழியுண்டு என்றேன். அதைக் கேட்ட மொக்கராசு ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார். அண்ணனிடம் போய் நிற்பதைவிட அறையே இல்லாமல் இருக்கலாம் என்ற வீம்பு. ஈஸ்வரி அழவில்லை. சொளகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "மூணடிய விட்டா வீடு நிக்கும் மேடம். நாங்க எங்கன உக்கார்றது?"

வேண்டாம் என்று சொல்ல வந்தவர்

ஊரில் பேச்சுக்கு டேப் கிடையாது. தம்பி இடத்தில் மூன்றடியை நகராட்சி அண்ணனுக்கு வாங்கிக் கொடுக்கப்போகிறது என்று செய்தி சிலமலை வரைக்கும் போய், அங்கே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெருமாள் காதில் விழுந்திருக்கிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, காலில் சேறோடு நேரே என் மேசைக்கு வந்து நின்றார். "ஆத்தா, ஒரு சோலியா வந்தேன்" என்று ஆரம்பித்தவர், தம்பி இடத்தில் ஒரு விரற்கடை கூடத் தனக்கு வேண்டாம், வேண்டாமென்று எங்கே எழுதித் தரணும், வெரசாச் சொல்லுங்கள், மடை திறந்து கிடக்கிறது என்றார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இவரும் கோபித்துக்கொண்டு போனால் ஈஸ்வரியின் சொளகுகள் வெளியே கிடக்கவேண்டியதுதான். உங்களுக்கு யாரும் எதையும் தரவில்லை, உங்கள் சுவரில் ஒட்டிக் கட்டச் சம்மதமா என்பதுதான் கேள்வி என்று எடுத்துச் சொன்னேன். முன்னறையையும், உட்காரும் பெண்களையும் சொன்னேன். மனிதர் பேனாவை வாங்கி, கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாதே! ஒரு விரற்கடை வேண்டாமென்று வந்தவர், பேசாத தம்பிக்குச் சுவரையே கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டுவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எடந்தான் வேண்டாம்னேன், ஆத்தா. தம்பி வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

வீடு முடிந்து பால் காய்ச்சுவதற்குப் பத்திரிகை வந்தது. சாமி பெயருக்கு அடுத்து அண்ணன் பெயர், சாமி பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில். போனேன். பந்தியில் இலை போட்டு, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று என் இலையை விடாமல் காவல் காத்தவர் பெருமாள்தான். முன்னறையில் சொளகுகள் எல்லாம் உள்ளேயே இருந்தன.

இடம் விடு, இடம் விடு என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், இந்த ஊரில் வயிறும் மனசும் நிறையச் சாப்பிட்டது இடம் விடாமல் கட்டிய வீட்டில்தான்.