ஈசானிய மூலையில் வெட்டிய குழி

மண் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு வேலை. 2005 கோடையில், அக்காவும் மாமாவும் சிதம்பரம் பக்கம் வாங்கிய மனைக்குப் பூமி பூஜை. மேலே நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பூஜைக்காக ஈசானிய மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். அடியிலிருந்து வந்த மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. பழைய வேர்கள் ஓடிய தடமெல்லாம் துருக் கோடுகள். வருஷா வருஷம் மாதக்கணக்கில் தண்ணீர் ஊறி நிற்கிற நிலத்தில்தான் மண் அப்படி மாறும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மண்ணு எப்டி மச்சான்?" என்றார் மாமா. அக்கா கையில் கற்பூரத் தட்டு. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேச எனக்கு வாய் எழவில்லை.

"நல்ல மண்ணு மாமா."

மறுநாளாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் சுவர் எழும்பிவிட்டது.

குடிபோன வருஷமே, கார்த்திகை மழையில் வீட்டைச் சுற்றி நின்ற தண்ணீர் வடியவே இல்லை. பின்சுவர் சரிந்தது. இப்போது வடலூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார்: "மண்ணுல கொற இல்லீங்க. என் மச்சானே பாத்துச் சொன்னான். அந்த வருசம் மழதான் ஜாஸ்தி."

அப்போது அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். நான் தலை நிமிராமல் சாப்பிடுவேன்.

அவர்களிடம் சொல்ல வேண்டியதை, உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.