மாடி வீட்டில் மட்டும் கேட்காத மாப்பு

கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்தே தெருவிலிருந்த அத்தனை ஆண்களின் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும் ஒரே அத்தர் வாசம், அதோடு பெரிய சட்டியில் வேகும் நெய்ச்சோற்று வாசம், இரண்டும் சேர்ந்து வந்தால் யாரோ ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். திருப்பூரில் மண்ணரைப் பக்கம் நாங்கள் குடியிருந்த தெருவில், கிளம்புகிறவர் அதற்கு முன்னால் வீடு வீடாக ஏறி இறங்கி, "தெரிஞ்சோ தெரியாமயோ தப்புப் பண்ணியிருந்தா மாப்புக் குடுத்துருங்க" என்று கேட்டாக வேண்டும். அல்லாவுக்குச் செய்த பாவத்தை அல்லா மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதில் அல்லாவே குறுக்கே வரமாட்டான் என்பது எங்கள் மார்க்கம். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டையும் கேலிக்கூத்தாக்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது என் பதினோராவது வயதில், எங்கள் ஜமாஅத் தலைவரின் புண்ணியத்தில்.

பள்ளிவாசலுக்கு ஏசி மாட்டிக் கொடுத்ததைத் தவிர தலைவராவதற்கு அவரிடம் வேறு தகுதி எதையும் நான் பார்த்ததில்லை. கையில் மைக் கிடைத்தால் போதும், பெண்களின் முக்காடு, பெண்களின் பார்வை, பெண்களின் சிரிப்பு என்று பேச்சு அதிலேயே சுற்றும். அப்படிப் பேசியவர்தான் தன் பனியன் கம்பெனி வாசலில் காலையில் வேன் வந்து நின்றால், கடைசிப் பெண் இறங்கி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் நிற்பார் என்று, அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த என் அத்தா வீட்டில் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் மட்டும்தான் சிரிப்பார்.

எங்கள் வீட்டுக்கு மேலே மாடி அறையில் ஜமீலா அக்கா தனியாகக் குடியிருந்தார். தலாக் ஆகி மூன்று வருடமாகியிருந்தது, வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அம்மாவிடம் ஒருநாள் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எனக்கு ஒரு ஆம்பளத் தொணை வேணுங்க்கா. ராத்திரி தனியாப் படுக்க முடியலீங்க. ஹராமாவா கேக்கறேன், நிக்காஹ்தானுங்களே கேக்கறேன்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனால் அன்றைக்கே மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் கூடுவதற்கே நன்மை எழுதப்படும் என்று சொல்கிற மார்க்கத்தில், ஆசையை ஆசை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே பெண் அந்தத் தெருவில் அவர்தான். மற்றவர்களெல்லாம் பிள்ளைகளை மழையில் முளைத்த காளான் மாதிரி பெற்றுவிட்டு, அந்தப் பேச்சு வந்தால் "அஸ்தஃபிருல்லா" சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கண்டுபிடித்த மாப்பிள்ளை சலீம், ராமநாதபுரத்திலிருந்து வந்து திருப்பூரில் டைலராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மாடிக்குப் பெண் பார்க்க வந்தார். எதிரே "பனியன் வேஸ்ட்" குடோன், காற்றடித்தால் பஞ்சுத் தூசி சோற்றில் விழும் என்பதால் எங்கள் தெருவில் பகலிலும் எல்லோரும் கதவைச் சாத்தித்தான் வைப்போம். அன்றைக்கும் சாத்தியிருந்தது. உள்ளே ஜமீலா அக்கா, சலீம், இரண்டு பேருக்கும் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டிருந்த என் அம்மா. என்னை மட்டும் வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் தலைவரின் மனைவி என்னைக் கூப்பிட்டுக் கையில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்து, "ஏங்கண்ணு, மாடிக்கு அந்தப் பையன் வந்தப்ப கதவு சாத்தியா இருந்துச்சு?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டுமானால் கண்ணால் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும், இல்லாவிட்டால் சொன்னவனுக்குத்தான் கசையடி என்று மதரஸாவில் எங்களுக்கே சொல்லித் தந்திருந்தார்கள். தலைவருக்கு ஒரு பிளைவுட் கதவே போதுமானதாக இருந்தது. ஜமாஅத்தார் முன்னால் வந்து, செய்த பாவத்துக்கு அழுது தவ்பா செய்தால்தான் நிக்காஹ் புத்தகத்தில் பதிவு செய்வோம் என்று சொல்லியனுப்பினார். சொல்ல வந்தவர்களிடம் ஜமீலா அக்கா, "செஞ்சிருந்தா அல்லாகிட்ட நானே அழுதுக்குவேனுங்க. செய்யாததுக்கு உங்க முன்னாடி எதுக்குங்க அழுவோணும்?" என்று கேட்டார். இறங்கிப் போகும்போது அவர்கள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார்கள். அம்மா அடுப்படியில் நின்றாள். "உள்ள நானும்தானுங்க இருந்தேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அத்தா அவளைப் பார்த்தார், அவள் அத்தாவைப் பார்த்தாள், குக்கர் விசிலடித்தது, அவர்கள் போய்விட்டார்கள். விஷயம் ராமநாதபுரம்வரை போய், சலீமின் வீட்டார் வேறிடத்தில் பெண் பேசிவிட்டார்கள்.

அந்த வருடம்தான் தலைவருக்கு ஹஜ் கிடைத்தது. புது வெள்ளை ஜிப்பாவில், பின்னால் பத்துப் பேர் சூழ, வீடு வீடாக வந்து மாப்புக் கேட்டார். எங்கள் வீட்டில் அத்தாவைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர்கூட விட்டார். அப்புறம் மாடிப்படியை ஒருதரம் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். தெரு முழுக்க அவர் உண்மையிலேயே மாப்புக் கேட்க வேண்டியிருந்த வீடு அது ஒன்றுதான், அதை விட்டுவிட்டு மற்ற எல்லா வீட்டிலும் கேட்டார்.

ஜமீலா அக்கா தானாகவே இறங்கி வந்தார். "என்கிட்ட கேக்கலீங்களா?"

"உனக்கு நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?"

"அப்பச் சரிங்க. நான் மாப்புக் குடுக்கலீங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

தலைவரின் முகம் சுண்டிவிட்டது. கூட வந்தவர்கள் அவசர அவசரமாக நபி பேரில் ஸலவாத்துச் சொல்லி அதை மூடி மறைத்தார்கள். அவர் போனார், தலையை மழித்துக்கொண்டு ஹாஜியாராகத் திரும்பி வந்தார், ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார். ஊர் வாங்கிக் குடித்தது. நாங்களும் குடித்தோம். அந்த மாத முடிவில் ஜமீலா அக்கா அறையைக் காலி செய்தார்.

இன்று தெருவில் அப்படி ஏறி இறங்குகிறவர் யாருமில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறது. பச்சைக் குவிமாடப் படம், கீழே யாரோ எழுதிய நாலு வரி, ஒரு தட்டுத் தட்டினால் ஊருக்கே போய்விடும், ஊரும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி மன்னித்துவிடும். மன்னிப்பு இத்தனை மலிவானதைப் பற்றி நான் வீட்டில் நிறையவே நக்கலடித்திருக்கிறேன்.

போன மாதம் அம்மா உம்ரா யாத்திரைக்குக் கிளம்பினாள். அவளும் அந்தப் படத்தைத்தான் அனுப்பினாள்.

"ஜமீலா அக்காவுக்கு அனுப்பினியாம்மா?" என்று கேட்டேன்.

"அவ நம்பர் எங்கிட்ட இல்லியே கண்ணு."

என்னிடம் இருந்தது. அவர் அனுப்பர்பாளையத்தில் இரண்டு மிஷின் போட்டுத் தைக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவேயில்லை. பஸ்ஸில் ஒருமுறை பார்த்தபோது நம்பரை வாங்கி வைத்திருந்தேன். போட்டு அம்மா கையில் கொடுத்தேன். "அலோ, யாருங்க?" என்று கேட்டது. அம்மா போனை என் கையிலேயே திணித்துவிட்டு, "நீயே கேட்டுரு. கதவு சாத்தியிருந்துச்சுன்னு சொன்னது நீதானே" என்றாள்.

நான் பேசினேன். நல்லாயிருக்கீங்களாக்கா என்றேன். அங்கே மழையுண்டா என்றேன். அம்மா உம்ரா போறாங்க என்றேன். "அப்படிங்களா, நல்லபடியாப் போயிட்டு வரட்டுங்க" என்றார். அதன்பிறகும் உடனே வைக்கவில்லை. மிஷின் சத்தம் நின்றது, அவர் மூச்சு விடுவது கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே வைத்துவிட்டார்.