பூஜ்யம் பத்து வண்டி

அப்பா லீவில் வந்தால் செல்லூரில் எங்கள் வீட்டுக்குள் பட்டாளத்து நேரமும் கூடவே வந்துவிடும். மணி என்ன என்று கேட்பார். நாலு என்றால் காதிலேயே விழாதது போல இருப்பார். பதினாறு என்றால்தான் தலையாட்டுவார். மத்தியானச் சோறு பதிமூன்றுக்கு, ராத்திரித் தோசை இருபதுக்கு. அம்மா மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டாள். பசித்தால் வந்து உட்காருங்கள் என்பாள்.

எனக்குக் கடைசியில் பிடிபட்டது பூஜ்யம்தான். நாம் தூங்கும்போதே நாள் மாறிவிடும், விடியட்டும் என்று காத்திருக்காது என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். வெள்ளிக்கிழமை பூஜ்யம் பத்து என்றால் வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிஷம். எட்டு வயதில் இது புரிந்துவிட்டதில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அந்த முறை தங்கச்சிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். எனக்குக் குத்தியபோது அப்பா எல்லையில் இருந்தார். அந்தப் போட்டோவில் ஊரே இருக்கிறது, அவர் இல்லை. சின்னவளுக்காவது கூட இருந்துவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். குலசாமி கோயிலில் குறித்துக் கொடுத்ததோ வெள்ளிக்கிழமை காலை. லீவை ஒரு நாள் நீட்டிக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. திரும்பிப் போகும் ரயில் வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு பத்துக்குத்தான், காதுகுத்து முடித்தே கிளம்பலாம் என்று வீட்டில் சொன்னார். அம்மாவுக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போனை நான் நோண்டிக்கொண்டிருந்தபோது டிக்கெட் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை, பூஜ்யம் பத்து. ஓடிப்போய், "அப்பா, வண்டி இன்னைக்கு ராத்திரிப்பா" என்றேன்.

தங்கச்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இல்லத்தா, நாளைக்குத்தான். நீ போய் வெளாடு."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் போய் விளையாடினேன்.

மறுநாள் திருவாதவூர்ப் பக்கத்துக் கோயிலில், மாமா மடியில் தங்கச்சி வீறிட்டு அழுதாள். எதிரே குத்தவைத்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணும் கலங்கியிருந்தது. கறிச்சோற்றுப் பந்தியில்தான் விஷயம் உடைந்தது. ஸ்டேஷனுக்குக் கூட வர வேண்டுமே என்று மாமா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இந்த வண்டி நேத்து ராத்திரியே போயிருச்சே."

பந்தியே சிரித்தது. பட்டாளத்துக்காரருக்கே மணி பார்க்கத் தெரியவில்லையாம். அசந்துவிட்டதாகச் சொல்லி அப்பாவும் இலையைப் பார்த்தபடி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்துவிட்டு நகர்ந்தாள். எனக்கோ மானமே போயிற்று. நேற்றே சொன்னேனே என்று எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே கத்தினேன்.

"ஆமா, இவ சொன்னா. நாந்தான் கேக்கல" என்றார் அப்பா.

அன்று ராத்திரி முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போனார். அந்த வருஷம் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. நேரம் கடந்து போய்ச் சேர்ந்ததற்குத் தண்டனை, லீவு கிடையாது என்றாள் அம்மா. ஒரு ரயிலைத் தவறவிட்டதற்கா இவ்வளவு என்று எனக்கு அவர்மேல்தான் கோபம்.

பொங்கலன்று போனில் பேசியபோது, இனிமேல் இப்படி ஆகக்கூடாது என்று, பூஜ்யம் பத்து என்றால் எந்த ராத்திரி என்பதை அவருக்கு நிதானமாக விளக்கிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்த அப்பாவுக்கு எத்தனை தடவை சொன்னால்தான் ஏறும் என்று சலித்துக்கொண்டே மறுபடியும் சொன்னேன்.