அப்பாவின் மூன்று மணியும் என் அரை மாத்திரையும்

எங்கள் அப்பா முடிச்சூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். நிலமெல்லாம் மனைகளான பிறகு தாம்பரத்தில் சிமெண்ட் கடை வைத்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். வெள்ளத்தில் மூட்டையெல்லாம் கல்லாகிப் போனபோதும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர். இவ்வளவும் நீங்கள் அறிந்ததே. அறியாத ஒன்றைச் சொல்லத்தான் மகளாகிய நான் அவருடைய இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

இளவயதில் இடி விழுந்தாலும் எழ மாட்டார் என்று அம்மா சொல்வார். எழுபதைத் தாண்டியதும் எல்லாம் தலைகீழ். மாலை ஏழு மணிக்கே தட்டின் முன் கண் சொருகும். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ரேடியோ வைப்பார், பக்கெட்டை உருட்டுவார். காட்டாங்குளத்தூர் கல்லூரிக்கு வேலைக்கு ஓடும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வயதானால் உடம்பின் கடிகாரம் முந்திக்கொள்ளும், தூக்கமும் லேசாகும், இது நோயல்ல என்றார் டாக்டர். பகல் தூக்கத்தைக் குறைத்து மாலை வெயிலில் நடக்க விடுங்கள், மாத்திரை வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு ஏது பொறுமை? எனக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைப் பொடித்து, அப்பாவிடம் சொல்லாமல் பாலில் கலந்தேன்.

மாத்திரைக்கும் அந்த மூன்று மணி மசியவில்லை. எழுந்தவர் தள்ளாடிக் குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

எப்படி விழுந்தார் என்று தம்பி கேட்டான். வாய் கூசாமல், "தரை ஈரமா இருந்துச்சுடா" என்றேன். வீட்டு வேலை பார்த்த கோகிலா அக்காதான் முந்தின இரவு தரை துடைத்தவர். அன்றே அவரை நிறுத்திவிட்டான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பொய்யைத்தான் சொன்னோம்.

ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ண ஏம்மா நிறுத்தினீங்க? தரை காஞ்சிதான் இருந்துச்சு. எனக்குத்தான் தலை கிறுகிறுன்னு வந்துச்சு. அவளக் கூப்பிடும்மா."

சரி என்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. படுக்கையில் கிடந்த நான்கு மாதமும், வாசல் மணி அடித்தால் கோகிலாவா என்று கேட்பார். அந்தக் கேள்வியோடே கண்ணை மூடினார்.

அச்சுக்குப் போகுமுன் தம்பி இதைப் படித்துவிட்டு, "சொந்தக்காரங்க கையில போறது, எடுத்துடுக்கா" என்றான். எடுக்கவில்லை.

அப்பாவைத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கோகிலா அக்காவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. தரை ஈரமாக இல்லை. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அவரைக் குறை பேசியவர்கள் இனி என்னைப் பேசுங்கள்.